செய்கூலி, சேதாரம், எழுபது மார்க்

எட்டு வருடமாக என் மடிக்கணினியில் ஓர் எக்செல் தாள் இருந்தது. முதல் வரிசையில் நாணயத்தின் ஆண்டு, இரண்டாவதில் நான் கொடுத்த விலை, மூன்றாவதில் விலைக் கையேடு சொல்லும் விலை. சம்பளம் வந்த வார இறுதியில் உட்கார்ந்து மூன்றாவது வரிசையை மட்டும் திருத்துவேன். அடியில் கூட்டுத்தொகை தானாக மாறும். 2019 பிப்ரவரியில் அது 6,900 டாலருக்கு நாலைந்து டாலர் குறைவு. நான் செலவழித்தது 5,800 சொச்சம். ஆயிரத்துச் சில்லறை லாபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளை மூடுவேன். அந்த லாபத்தை வைத்து மனதுக்குள் ஒரு புது லென்ஸ்கூட வாங்கியாகிவிட்டது.

இருந்தவை எல்லாமே அமெரிக்கன் சில்வர் ஈகிள் ப்ரூஃப் நாணயங்கள்: மின்ட் எனப்படும் அமெரிக்க அரசின் நாணயச் சாலை அடிக்கும் ஓர் அவுன்ஸ் வெள்ளிக் காசின் மெருகேற்றிய வகை. 1986 முதல் 2018 வரை வருடத்துக்கு ஒன்று. 2009-இல் மட்டும் கிடையாது. நிதி நெருக்கடியில் ஜனங்கள் வெள்ளி வாங்கக் குவிந்ததில் சாதாரண ஈகிளுக்கே வெற்றுத் தகடு போதாமல், மின்ட் அந்த வருடம் ப்ரூஃப் அடிக்கவே இல்லை. ஆக 32. ஒவ்வொன்றும் பி.சி.ஜி.எஸ். என்ற கிரேடிங் நிறுவனத்தின், அதாவது நாணயத்தின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் நிறுவனத்தின், பிளாஸ்டிக் பெட்டிக்குள். ஒவ்வொன்றின் சீட்டிலும் 70. அதாவது நூற்றுக்கு நூறு.

மகள் கல்லூரிக்குக் கிளம்பினாள். முதல் தவணைக்குக் கை கொஞ்சம் இடித்தது. விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு நாணயச் சந்தை கூடும். நியூ ஜெர்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு பெரிய கூடம், மடக்கு மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் கழுத்து வளைந்த விளக்கு, கண்ணாடிப் பெட்டி, பழைய காபி வாசனை. நான் வழக்கமாக வாங்கும் டீலரிடமே போனேன். அறுபதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. 2008-ஆம் ஆண்டு ஈகிளை எடுத்து விளக்கின் கீழ் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். சீட்டைப் பார்க்கவில்லை. பிறகு கைபேசியை ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் குனிந்து, மேசைக்கடியிலிருந்து ஒரு நீளமான நீலப் பெட்டியை இழுத்தார். அதற்குள் அதே நாணயம், அதே 2008, அதே 70. ஐந்தை எடுத்து என் நாணயத்துக்குப் பக்கத்தில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார்.

"உன்னுடையது அழகாகத்தான் இருக்கிறது. இவையும் அழகாகத்தான் இருக்கின்றன," என்றார்.

கையேட்டில் அந்த நாணயத்துக்கு 125 டாலர் போட்டிருந்தது. அவர் தருவதாகச் சொன்னது 48. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தது எதுவானாலும் 48. 1993, 94 போன்ற கொஞ்சம் கிராக்கியான வருடங்களுக்குக் கூடுதல். மொத்தமாக 32-க்கும் சேர்த்து 3,200. அவருக்குச் சங்கடம், எனக்கு அதைவிடச் சங்கடம். யோசித்துச் சொல்கிறேன் என்று அட்டைப்பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பை எடுத்திருக்கிறேன். "ஏங்க, தி.நகர்ல வளையல் வாங்கறப்ப சேதாரம் எதுக்கு இவ்ளோன்னு கடைக்காரர்கிட்ட அரை மணி நேரம் மல்லுக்கு நின்னீங்களே, இதுல யார்கிட்ட நின்னீங்க?"

யாரிடமும் நிற்கவில்லை. அதுதான் விஷயம். நகை வாங்கும்போது நமக்குத் தெரியும்: தங்கத்தின் விலை ஒன்று, செய்கூலி சேதாரம் ஒன்று. திரும்ப விற்கப் போனால் தராசில் நிற்பது மட்டும்தான் காசு. நம் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் கரதலப் பாடம் இது. ஆனால் 31 கிராம் வெள்ளியைப் பளபளவென்று அடித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மேலே 70 என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தபோது, அந்தச் சீட்டுக்கும் பெட்டிக்கும் கொடுத்ததைச் செய்கூலி என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலீடு என்று தோன்றியது.

ப்ரூஃப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: அது தரத்தின் பெயரல்ல, அடிக்கும் முறையின் பெயர். அச்சை மெருகேற்றி, வெற்றுத் தகட்டையும் மெருகேற்றி, ஒருமுறைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். பின்புலம் கண்ணாடி மாதிரி இருக்கும். உருவம் மட்டும் பனி படர்ந்தது போல வெண்மையாக நிற்கும். ஈகிளில் அந்த உருவம் அடால்ஃப் வைன்மன் 1916-இல் அரை டாலருக்காக வடித்த நடக்கும் லிபர்ட்டி. சூரியனை நோக்கி ஒரு கை நீட்டிப் போகிறாள். இரவில் மேசை விளக்கின் கீழ் சாய்த்தால் பின்புலம் மையிருட்டாகி, அவள் மட்டும் மிதப்பாள். நான் இந்தப் பித்துக்குள் விழுந்தது அப்படித்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

அந்தக் கறுப்பு வெள்ளை முரண் தெளிவாக இருந்தால் பி.சி.ஜி.எஸ். சீட்டில் டீப் கேமியோ என்று போடுவார்கள். என்.ஜி.சி. என்ற இன்னொரு நிறுவனம் அல்ட்ரா கேமியோ என்கிறது. ஐம்பதுகளின் ப்ரூஃப் நாணயங்களில் இந்த எழுத்துகளுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஏனென்றால் அப்போது புது அச்சில் முதலில் அடிக்கும் கொஞ்ச நாணயங்களுக்குத்தான் அந்தப் பனி ஒட்டும்; அச்சு தேயத் தேய உருவமும் பின்புலத்தைப் போலவே மினுங்கத் தொடங்கிவிடும். எழுபதுகளில் மின்ட் ப்ரூஃப் அச்சுகளுக்கு குரோமியம் பூசத் தொடங்கியது. அச்சு நீடித்தது, பனியும் நீடித்தது. ஆக 1956 அரை டாலரின் சீட்டில் டீப் கேமியோ என்று இருந்தால் அது தப்பிப் பிழைத்த ஒன்று. 2006 ஈகிளின் சீட்டில் அதே எழுத்து இருந்தால், "இது ப்ரூஃப் நாணயம்" என்பதை இரண்டாவது தடவை சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

70-க்கும் இதே கதி.

இந்த எண்முறையை 1949-இல் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியல்காரர். 1793 முதல் 1814 வரையிலான பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக மட்டும் போட்ட கணக்கு அது. உருத்தெரியாமல் தேய்ந்தது ஒரு டாலர் என்றால், குறையே இல்லாதது 70 டாலர் பெறும். எனவே 1 முதல் 70. (இந்த ஷெல்டன் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டமானவற்றை வைத்திருந்தார் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்தது. கிரேடிங்கின் பிதாமகர்! இதைச் சொல்லாமல் என்னால் ஷெல்டனைக் கடக்க முடிவதில்லை.) நூற்றைம்பது வருடம் பல கைகள் மாறி, மண்ணில் புதைந்து, சட்டைப்பையில் உரசி வந்த செம்புக்கு 70 என்பது கனவு. அதனால்தான் அந்தக் கணக்கில் அது கடைசிப் படியாக இருந்தது.

அந்தப் படியில் இன்றைய ப்ரூஃபை ஏற்றிப் பாருங்கள். கையுறை போட்ட கை ஒன்று அதை அச்சிலிருந்து எடுக்கிறது. உடனே வட்டமான பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் வெல்வெட் பெட்டி. அந்தப் பெட்டி திறக்காமலே கிரேடிங் நிறுவனத்துக்குப் போகிறது. 70 என்றால், ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்து, அடித்த பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தெரியக்கூடாது என்கிறது என்.ஜி.சி.யின் வரையறை. குறை ஏற்பட இங்கே வழியே குறைவு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கிய பிறகு நூற்றுக்கு என்ன மரியாதை?

எல்லாம் 70 வராது, 69-உம் வரும். அதுதான் இன்னும் பரிதாபம். 2008-இல் மின்ட் அந்த ஈகிளை விற்ற விலை 31.95 டாலர். நாமே அனுப்பி கிரேடு பண்ண 20 டாலர் சொச்சம். போக வரத் தபால், காப்பீடு வேறு. 60 டாலரை ஒட்டி வந்துவிடும். 69 வந்தால், நான் விற்கக் கிளம்பிய 2019-இல், வெளியில் 45-க்குப் போனாலே பெரிய விஷயமாக இருந்தது. எடை ஒன்று, வெள்ளி ஒன்று, வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நானே பத்து மடங்குக் கண்ணாடியை வைத்து இரண்டையும் பக்கத்தில் போட்டு ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். 69-இல் லிபர்ட்டியின் முழங்காலுக்கு அருகே ஊசிமுனை அளவு ஒரு பொட்டு கிடைத்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் அதைக் காணோம். தூசி.

பெரிய டீலர்கள் இந்த விளையாட்டை வேறு மாதிரி ஆடுகிறார்கள். மின்ட் வெளியிட்ட அன்றே நூற்றுக்கணக்கில், சிலர் ஆயிரக்கணக்கில் வாங்கி, மொத்தமாக கிரேடிங்குக்கு அனுப்புவார்கள். மொத்தமாக அனுப்பினால் கட்டணம் குறைவு. வெளியீட்டு நாளிலிருந்து முதல் முப்பது நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் சீட்டில் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் என்று தனிப் பட்டமும் கிடைக்கும். மின்ட் அந்த முப்பது நாளில் எதை முதலில் அடித்தது, எதைக் கடைசியில் அடித்தது என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டம் தபால் போய்ச் சேர்ந்த தேதிக்குத்தான். பின்பக்கக் கழுகை வடித்த ஜான் மெர்கான்டி கையெழுத்திட்ட சீட்டு என்றால் அதற்கும் தனி விலை. ஒரே நாணயம், சீட்டுதான் மாறுகிறது. ஊரில் ஒரே சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வைத்தால் ஒரு விலை, வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தால் ஒரு விலை என்பது மாதிரி.

வெளியீட்டு வாரத்தில் 70-கள் கொஞ்சமாகத்தான் வந்திருக்கும். அந்த வருடங்களில் அவசரக்காரர்கள் 150 கொடுத்து வாங்குவார்கள். கையேட்டில் முதல் விலை ஏறுவது அந்த வாரத்தில்தான். ஆறு மாதத்தில் 70-கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும், வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கி முடித்திருப்பார்கள். இந்தத் தொகுப்பைச் சேர்ப்பவருக்கு ஆண்டுக்கு ஒன்று போதும். இரண்டாவது 2008-ஐ யார் வாங்குவார்? ஆனால் கையேட்டின் எண் மட்டும் வெளியீட்டு வார ஞாபகத்தில் நிற்கும்.

ஏன் அது இறங்குவதில்லை? இதில் எனக்கு இங்கே எடிசன் ஊரில் இருக்கும் ஓர் அண்ணன்தான் குரு. காரைக்குடிக்காரர், பழைய செப்பு சென்ட்டுகள் மட்டும் சேர்ப்பவர், புது நாணயங்களை "மின்டோட பொம்மை" என்பார். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"தம்பி, அந்தக் கையேடு யாருக்குன்னு மேலே எழுதியிருக்கே, படிச்சியா?" என்றார்.

படிக்கவில்லை. படித்திருந்தால் எக்செல் தாளே இருந்திருக்காது. நான் பார்த்த கையேடு பி.சி.ஜி.எஸ்.ஸின் விலைப்பட்டியல்தான். அதை விளக்கும் இடத்தில் அந்த நிறுவனம், டீலர்கள் கேட்கும் விலையின் சராசரி என்றுதான் சொல்கிறது. கேட்கும் விலை. கிடைத்த விலை இல்லை. நான் கடைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்தால் பலகையில் எழுதி வைக்கும் விலை அது. என் தாளின் மூன்றாவது வரிசைக்கு "என் சொத்து மதிப்பு" என்று தலைப்பு கொடுத்திருந்தேன். "என்னிடம் இருப்பதையே நான் மறுபடி கடையில் வாங்கினால் ஆகும் செலவு" என்று இருந்திருக்க வேண்டும்.

அச்சுப் புத்தகக் காலத்தில் இந்தக் குழப்பம் குறைவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்.எஸ். யோமன் இரண்டு புத்தகங்கள் போட்டார். 1942-இல் வந்தது நீல அட்டை: டீலர்கள் உங்களிடம் வாங்கினால் என்ன கொடுப்பார்கள். 1946-இல் வந்தது சிவப்பு அட்டை: நீங்கள் டீலரிடம் வாங்கினால் என்ன ஆகும். இரண்டும் இன்றைக்கும் வருகின்றன. அதாவது வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறு வேறு அட்டைகளில், வேறு வேறு நிறத்தில். சிவப்பு அட்டை வீட்டுக்கு வீடு பிரபலம். நீல அட்டையை நாணயக்காரர் வீடுகளில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. டீலர்களுக்குள் ஓடுவது மூன்றாவது ஒன்று, 1963 முதல் வரும் கிரே ஷீட் என்ற மொத்த வியாபார விலைத்தாள். என் டீலர் மேசைக்கடியில் குனிவதற்கு முன்னால் கைபேசியில் பார்த்தது அதைத்தான்.

ஊரில் நிலம் வாங்கியவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம். பத்திரப் பதிவில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கும். சந்தை விலை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். பேசுவது ஒன்று, பத்திரத்தில் எழுதுவது ஒன்று. இந்தப் பழக்கத்தில் ஊறிய எனக்கு, வழிகாட்டி என்று பெயர் வைத்த எண் எப்போதும் தரையாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. இங்கே அது கூரை.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, சோம்பல் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆயிரக்கணக்கான நாணயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு தரம், ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு விலை. இலட்சம் டாலர் நாணயம் ஒன்று பெரிய ஏலத்தில் விற்றால் அன்றே கவனிப்பார்கள். 80 டாலர் ஈகிள் பெரிய ஏலத்துக்கு வருவதே அரிது. அது இ-பேயில் நள்ளிரவில், கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும். அந்த விலை கையேட்டுக்காரர் காதில் விழ நேரமாகும். இன்னொன்றும் உண்டு. எண் இறங்கினால் யாருக்கு சந்தோஷம்? சரக்கு வைத்திருக்கும் டீலருக்கு இல்லை. 70-க்கு விலை இருந்தால்தான் கிரேடிங்குக்கு நாணயம் வரும், ஆகவே நிறுவனத்துக்கும் இல்லை. எக்செல் தாள் வைத்திருக்கும் என்னைப் போன்றவனுக்கும் இல்லை. யாரும் கேட்காததால் அது அப்படியே இருக்கிறது.

விலை இறங்கவே இறங்காது என்றும் இல்லை. இறங்கும்போது மாடிப்படியில் உருண்ட மாதிரி இறங்கும். என் தொகுப்பில் நான் கடைசிவரை வாங்க முடியாமல் விட்ட ஒரே ஓட்டை, வெஸ்ட் பாயின்ட் என்ற ஊர் மின்டில் அடித்த 1995-டபிள்யூ. ஈகிளின் பத்தாவது ஆண்டையொட்டி, நான்கு தங்க ஈகிள்கள் அடங்கிய தொகுப்போடு மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். மொத்தம் 30,125. தொகுப்பின் விலை 999 டாலர் என்பதால் வெள்ளிக்காரர்கள் பலர் அன்றைக்கு ஒதுங்கிவிட்டார்கள். 2013 மார்ச்சில் பி.சி.ஜி.எஸ். 70 டீப் கேமியோ ஒன்று இணைய ஏலத்தில் 86,000 டாலரைத் தாண்டியது. அப்போது அந்த நிறுவனம் அந்த நாணயத்துக்கு 70 கொடுத்திருந்தது விரல்விட்டு எண்ணும் அளவே. ஆனால் மீதி முப்பதாயிரமும் எங்கே போயிருக்கும்? வங்கிப் பெட்டகங்களிலும் அலமாரிகளிலும், வந்த உறையிலேயே உட்கார்ந்திருந்தன. 86,000 என்ற செய்தி வந்ததும் அலமாரிகள் திறந்தன. 70-கள் வரத் தொடங்கின. அதற்கடுத்து வந்த ஏலங்களில் அதில் பாதி விலைகூட நிற்கவில்லை. நாணயம் 30,125 தான், அது மாறவில்லை. 70 என்ற சீட்டுதான் பெருகியது.

நான் பார்த்ததில் இதற்கு நேர்மாறானது 1975-ஆம் ஆண்டு டைம், அதாவது பத்து சென்ட் காசு. சான் பிரான்சிஸ்கோ மின்டின் எஸ் என்ற எழுத்து அச்சில் விடுபட்டுப்போன ப்ரூஃப் டைம், உலகத்தில் தெரிந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்று 2024 அக்டோபரில் 506,250 டாலருக்கு விற்றது. அதற்குக் கிரேடு எத்தனை தெரியுமா? 67. பத்து சென்ட், நூற்றுக்கு நூறும் இல்லை, அரை மில்லியன். செய்தி வந்த அன்று காரைக்குடி அண்ணன் அதை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு வேறொன்றும் எழுதவில்லை.

தனிக் காசுகள் என்றில்லை, தொகுப்புகளும் விழுந்திருக்கின்றன. 1999 வெள்ளி ப்ரூஃப் செட்டை மின்ட் 31.95 டாலருக்கு விற்றது. ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொன்றாகக் குவார்ட்டர் (25 சென்ட் காசு) வரத் தொடங்கிய வருடம், எல்லாருக்கும் முதல் வருடம் வேண்டியிருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில் அது 300 டாலரைத் தாண்டியது. கடைசிக் குவார்ட்டர் 2008-இல் வந்தது. சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆல்பத்தை மூடிவிட்டார்கள். விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நின்றது.

என் நாணயங்களுக்கு வருகிறேன். டீலரிடம் முழுவதையும் கொடுக்க மனம் வரவில்லை. நல்ல வருடங்களை நானே இணையத்தில் விற்பது என்று முடிவு செய்தேன். படம் எடுக்க அவற்றைச் சாய்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. 2003 ஈகிளில், லிபர்ட்டியின் பாவாடை மடிப்புக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பரப்பில் வெள்ளையாக ஒரு பொட்டு. பால் தெறித்துக் காய்ந்த மாதிரி. வாங்கும்போது இல்லை, சத்தியமாக இல்லை. வெள்ளிக்காரர்கள் இதைப் பால்பொட்டு என்கிறார்கள். தகட்டைக் கழுவும் கட்டத்தில் ஒட்டிய ஏதோ ஒன்று, வருடங்கள் கழித்து வெளியே வருகிறது. சீல் வைத்த பெட்டிக்குள்ளேயே வருகிறது. சீட்டு இன்னும் 70 என்றே சொல்கிறது. கையேடும் 70-க்கான விலையையே சொல்கிறது. வாங்குபவர் ஆனால் பொட்டைப் பார்க்கிறார். கையேட்டின் விலையில் இந்தப் பயமும் கழிய வேண்டும்: இன்று சுத்தமாக இருப்பது நாளைக்கும் இருக்குமா? அதனால்தான் டீலர் சீட்டைப் பார்க்காமல் நாணயத்தைச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். எனக்கு அது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

இணையத்தில் ஒன்று விற்ற கணக்கைப் போடுகிறேன், மீதியெல்லாம் இதே ஜாதகம்தான். 2002 ஈகிள். 2011 ஏப்ரலில் வெள்ளி அவுன்ஸ் 49 டாலரைத் தொட்டுவிட்டு வந்தது நினைவிருக்கலாம். அந்தச் சூடு தணியாத 2012-இல், நான் 95 கொடுத்து வாங்கியது. கையேடு 125. விற்றது 78-க்கு. ஏலத் தளத்துக்குப் பத்து சதவீதம், பணம் கைமாற்றும் நிறுவனத்துக்கு மூன்று சதவீதம். பத்து டாலர் போயிற்று. தபால், குமிழ்ப் பொதி, காப்பீடு 4.50. கைக்கு வந்தது 63 சொச்சம். அன்று வெள்ளி அவுன்ஸ் 15 டாலர். இன்னொரு கோணத்தில் பார்த்தால், 15 டாலர் வெள்ளிக்கு 63 கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்ப நமக்குச் சேதாரம் திரும்பக் கெடச்சிருக்குன்னு சொல்றீங்க" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒன்றுக்கு மட்டும் கையேட்டு விலையை ஒட்டிக் கிடைத்தது. 1994. அந்த வருடம் 70 குறைவு. இரண்டு பேர் தங்கள் பதிவுத் தொகுப்பை (கிரேடிங் நிறுவனத்தின் தரவரிசையில் போட்டியிடும் தொகுப்பை) நிரப்ப அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள் போல. கடைசிப் பத்து நொடியில் இருவரும் மோதினார்கள். எனக்கு வேண்டியது மூன்றாமவர் அல்ல, இரண்டாமவர் என்று அன்று தெரிந்தது. ஆசைப்பட இரண்டு பேர் இருந்தால் கையேடே தேவையில்லை. மற்ற முப்பதுக்கும் அந்த இரண்டாமவர் வரவில்லை.

கடைசியில் 2006-க்குப் பிந்தையவற்றில் பத்தை அந்தப் பழைய டீலரிடமே 48 வீதம் கொடுத்தேன். படம் எடுத்து, விவரம் எழுதி, தபால் நிலைய வரிசையில் நின்று நின்று அலுத்துவிட்டது. அந்த அலுப்புக்கும் ஒரு விலை இருக்கத்தானே வேண்டும். அவர் ரூபாய் நோட்டு எண்ணும் வேகத்தில் டாலரை எண்ணிக் கொடுத்தார். பால்பொட்டு விழுந்த 2003-ஐ மட்டும் கொடுக்கவில்லை. அவர் வாங்கியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். பெட்டியை இடுக்கியால் உடைத்து நாணயத்தை வெளியே எடுத்தேன். எட்டு வருடத்தில் முதல்முறையாக ஓர் ஈகிளை விளிம்பைப் பிடித்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது.

அடுத்த மாதச் சந்தைக்குப் பழக்கதோஷத்தில் போனேன். நீலப் பெட்டி மேசைக்கு மேலே வந்திருந்தது. சும்மா விரலால் தள்ளிக்கொண்டே வந்ததில் 2008-களுக்கு நடுவில் ஒன்று. சீட்டின் கடைசி நான்கு எண்கள் எனக்கு மனப்பாடம். என்னுடையதேதான். 75 என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதைப் பேனாவால் அடித்து 68 என்று எழுதியிருந்தார். என் பக்கத்தில் ஓர் இளைஞர், கைபேசியில் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே நாணயத்தை விளக்குக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதற்கு 125 போட்டிருக்கிறதே?" என்று டீலரைக் கேட்டார்.

"ஆமாம்," என்றார் டீலர். "நல்ல விலைதான், இல்லையா?"